விட்ட சாப்பாட்டை விடாதவர்

திருந்தியவர் என்றொரு வகை மனிதர் உண்டு. குடியை விட்டவர், சீட்டை விட்டவர், சிகரெட்டை விட்டவர் என்று இந்த வகையில் பல கிளைகள். எல்லாரும் பழக்கத்தை விடுவார்கள். அதைப் பற்றிய பேச்சை மட்டும் விடமாட்டார்கள். நான் இங்கே அறிமுகப்படுத்துவது பெருந்தீனியை விட்டுத் திருந்தியவரை.

எங்கள் ஊரான டுரியான் துங்காலின் சமூக மண்டபப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு எங்கள் கூட்டம். கட்டுப்படாமல் தின்றுவிட்டு அப்புறம் உட்கார்ந்து வருந்துகிற பன்னிரண்டு பேர், ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத்தான் கூடுகிறோம். விதிகள் இரண்டே. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். எந்தத் தின்பண்டத்தின் பெயரையும் சொல்லக்கூடாது, கேட்பவர்களுக்குப் பசிக்கும். இரண்டையும் எழுதிச் சுவரில் ஒட்டியவர் காண்டீபன். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருந்தி ஏழு வருடம் ஆனவர்.

அவர் எப்படிப் பேசுவார் என்கிறீர்கள்? முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அந்தக் காலத்தில் உம்பாய் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் ஒரே மூச்சில் தான் தின்ற, வாழையிலையில் சுட்ட மீன் மூன்று, அதன்மேல் ஓரம் கருகிய சம்பால் மிளகாய் விழுது, பக்கத்தில் ஆவி பறக்கும் தேங்காய்ப்பால் சோறு, போதாததற்குத் திரும்பும் வழியில் நாலு ரொட்டி சானாய் என்று அடுக்கி, அதற்குப் பருப்பா கோழிக் குழம்பா என்று தானே கேட்டு, இரண்டும்தான் என்று தானே பதிலும் சொல்லி, அந்தப் பாவத்தை நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது என்று முடிப்பார். கண்ணில் ஒன்றும் வராது. வாயில் வரும். மளிகைக் கடை அப்துல் கஃபார் பாய் சம்பாலுக்கே எச்சில் விழுங்க ஆரம்பித்துவிடுவார். கூட்டம் கலைந்ததும் நாலு கார்கள் நேராக உம்பாய்க்குப் போகும். அதில் ஒன்று என்னுடையது.

தேவிஸ்ரீ டீச்சர் வரும்வரை எனக்கும் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படிப்பிக்கிறவர். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நாலாம் வாரம் வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னைக்கு எப்படியாச்சும் சொல்லிடணும் அங்கிள். சுகர் பதினெட்டுக்குப் போயிடுச்சு, இருக்க வேண்டியதுக்கு மூணு மடங்கு. வீட்ல யாருக்கும் தெரியாது. ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிட்டா நிறுத்திடுவேன்னு தோணுது."

அவர் முறை வந்தது. எழுந்தார். கைக்குட்டையைக் கசக்கினார்.

"ஸ்கூல் விட்டு வர்றப்ப, கார்ல..."

"எனக்கும் அப்படித்தான் தங்கச்சி," என்றார் காண்டீபன். குரலில் இருந்த பரிவைக் குறையே சொல்ல முடியாது. "நான் கார்ல கறிபாப் வாங்கி வச்சு..."

மூன்று நிமிடமும் போயிற்று. உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த அந்தக் கறிபாப்பின் மொறுமொறுப்புக்கே இரண்டு. டீச்சர் எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மனசுல உறுதி வேணும்லா என்று காண்டீபன் பெருமூச்சு விட்டுவிட்டு, தன்னுடைய உறுதி எப்படிப்பட்டது என்று விளக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போய் டீச்சருக்குப் போன் போட்டேன். பத்து நிமிடம் ஆறுதலாகப் பேசினேன். அவர் "சரி அங்கிள்" என்று வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது: நான் வீட்டுக்குத் தெரியாமல் உம்பாய்க்குப் போய்வரும் கதையைத்தான் பத்து நிமிடமும் சொல்லியிருக்கிறேன். காரில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "கார்ல" என்று டீச்சர் நிறுத்தியபோது, அவர் சொல்ல வந்தது என்ன என்று யோசித்தீர்களா, அல்லது உங்கள் கார் ஞாபகம் வந்ததா?