டார்ச்சுக்காரர் வீட்டுப் பெரிய அறை

இனிமேல் இந்த வீட்டிலிருந்து எவனுக்கும் ஒரு பைசா வரி போகாது என்று டார்ச்சுக்காரர் சபதம் எடுத்தது ஒரு மழைநாள் காலையில். எடுத்த இடம் மாடிப்படிக்கு அடியில். நெஞ்சை நிமிர்த்திச் சபதம் எடுக்க அங்கே தலைக்கு மேலே இடம் கிடையாது. முக்கால்வாசி குனிந்தபடியேதான் எடுத்தார்.

அவருக்கு ஒரு சொந்தப் பேர் இருந்தது. தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை, அவருக்கே சந்தேகம். எதிரே இருந்த சினிமா தியேட்டரில், இருட்டுக்குள்ளே டார்ச் அடித்து ஜனங்களைச் சீட்டில் உட்கார வைப்பது அவர் வேலை. தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்து, அது வெளுக்கிற வரைக்கும் அதே வேலை. ஆள் நிறைந்த நாளில் வாசலில் நின்று "ஹவுஸ்புல்" என்று சொல்வதில் மட்டும் அவருக்குத் தனி ருசி. ஒரு தடவை கொட்டுகிற மழையில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்ற சொந்தப் பெண்டாட்டி மூஞ்சியிலேயே டார்ச் அடித்து அப்படிச் சொன்னவர். அந்தம்மா ஒன்றும் பேசாமல் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பேசியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்து தியேட்டருக்குப் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக ஒட்டிய போஸ்டரில் கதாநாயகன் மழையில் கரைந்து கரைந்து இப்போது மீசை மட்டும் மிச்சம். சாயங்கால ஆட்டம் தொடங்குகிற நேரமானால் டார்ச்சுக்காரர் இன்னமும் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குப் போய் வந்த முகத்தோடு திரும்புவார்.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. வீட்டில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பெரிய அறை. பெரிய ஜன்னல், உள்ளேயே குளியலறை. அதைக் காலி பண்ணி, மூலையில் முதுகை ஒட்டி நின்று படம் பிடித்து, வாடகைக்கு என்று போனில் போட்டார். ஊருக்கு ஒரு வேலையாக வந்து ஓர் இரவு, இரண்டு இரவு தங்குகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். புருஷன் கூடத்துப் பெஞ்சிக்குப் போனார். பெண்டாட்டியும் அவள் தையல் மெஷினும் மாடிப்படிக்கு அடியில் போனார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். நடுப்பகலிலேயே அங்கே நூலா, ஒட்டடையா என்று கையால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி துணியில் ஏறியதைவிட விரலில் ஏறியது அதிகம்.

"என்னங்க, ஆள் இல்லாத நாள்லயாவது மெஷின ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன்."

"ஜன்னலுக்குத்தாம்மா காசே. அங்க நூலும் துணியும் கிடந்தா, வர்றவன் தையக்கடைன்னு நெனச்சு பேன்ட்டுக்கு அளவு குடுப்பான்."

"குடுத்தா தச்சுக் குடுக்கறேன். கண்ணு போகுதுங்க எனக்கு. சரி, உங்க தியேட்டர் டார்ச்சயாவது குடுங்க. ஊசி கோக்கற நேரத்துக்கு."

"அதுல பேட்டரி இல்ல."

"வாங்கிப் போட்டுக்கறேன்."

"கண்ட பேட்டரி எல்லாம் அதுக்கு ஒத்துக்காது."

பேட்டரி ஒத்துக்கொள்ளாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நீள டார்ச்சின் வயிற்றுக்குள்ளே வேறு சரக்கு இருந்தது. தங்க வருகிறவர்களிடம் டார்ச்சுக்காரர் வாடகை தனி, விற்பனை வரி தனி, தங்கும் வரி தனி என்று பிரித்துச் சொல்லிக் கறாராக வாங்குவார். வாடகையில் கொஞ்சம் முன்னே பின்னே விட்டுக்கொடுப்பார். வரியில் விடமாட்டார். "சர்க்கார் காசு தம்பி, நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்பார். அது உண்மைதான். கையில் இல்லை. டார்ச்சுக்குள்ளே, சுருட்டி சுருட்டி, நோட்டாக இருந்தது.

அந்த மழைநாள் காலையில் அறையைக் காலி செய்த மருந்து விற்பனைக்காரன்தான் வம்பை ஆரம்பித்து வைத்தான்.

"அண்ணே, ரசீது ஒண்ணு குடுங்க. காட்டினாத்தான் கம்பெனில காசு திரும்பும்."

டார்ச்சுக்காரர் எழுதிக் கொடுத்தார். அவன் முன்னே பின்னே திருப்பிப் பார்த்தான்.

"இதுல பால்கனி, பகல் காட்சின்னு போட்டிருக்கே."

"பின்பக்கம் பாருங்க தம்பி. மிச்சமான டிக்கெட்டு. வீணாக்கக் கூடாது இல்ல."

"பதிவு எண் எங்கண்ணே? வரி வாங்கறவங்க வரி ஆபீசுல பதிஞ்சிருக்கணும். நான் விட்டாலும் எங்க கணக்குப்பிள்ள விடமாட்டாரு. ஆபீசுக்கே போன் போட்டுக் கேப்பாரு."

அவன் போன பிறகு டார்ச்சுக்காரர் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அந்தப் பயத்தில் மாடிப்படிக்கு அடியில் புகுந்து எடுத்ததுதான் அந்தச் சபதம். பெண்டாட்டி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"அது யாரு காசுங்க?"

"நம்ம கைக்கு வந்தா நம்ம காசு."

"தியேட்டர் டிக்கெட்லயும் வரின்னு தனியாப் போட்டு வாங்குனாங்களே. அத உங்க முதலாளி என்ன பண்ணாரு?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு."

"அப்புறம்?"

அப்புறம் என்ன ஆயிற்று என்பது பெரிய அறை ஜன்னலைத் திறந்தாலே தெரியும். எதிரே பூட்டு தொங்குகிறது.

"அவருக்குச் சாமர்த்தியம் பத்தல" என்றார் டார்ச்சுக்காரர். "நான் சட்டப்படி கட்டாம இருக்கப் போறேன். நீ இப்பவே ஆபீசுக்குப் போ. வரி கட்டாம இருக்க என்ன வழின்னு கேட்டுட்டு வா."

"நானா?"

"எனக்கு அந்தப் படி ஏற மூச்சு வாங்குதும்மா. நமக்குன்னு கேக்காத. பக்கத்து வீட்டுக்காரருக்குன்னு கேளு."

"பக்கத்து வீடு காலியா கிடக்குதுங்க."

"அதுவும் நல்லதுதான். யாரும் வந்து இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். போவதற்கு முன்னே கூடத்தில் என்னமோ உருட்டுகிற சத்தம் கேட்டது. டார்ச்சுக்காரர் பெரிய அறையில் மெத்தை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். பூனை என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் பூனை கிடையாது.

திரும்பி வரும்போது நன்றாக நனைந்திருந்தாள். முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வழி இருக்காம்."

"பாத்தியா."

"ஒரே ஆளு ஒரு மாசத்துக்கு மேல தொடர்ந்து தங்கறதா முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டா, அது விருந்தாளி கணக்குல வராதாம். குடித்தனக் கணக்காம். தங்கும் வரியும் இல்ல, விற்பனை வரியும் இல்ல."

டார்ச்சுக்காரர் தியேட்டர் மூடிய பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். பழக்கம் விட்டுப்போனதால் அது இருமலில் போய் முடிந்தது.

"ஆனா ஒண்ணுங்க. எழுதிக் குடுத்தப்புறம் மாசம் முடியறதுக்குள்ள நாம ஆள வெளிய அனுப்பினா, மொத நாள்லேருந்து எல்லா வரியும் போடுவாங்களாம்."

"நான் ஏன் அனுப்பறேன்? தலையில வச்சுத் தாங்கறேன். ஆள் வேணுமே."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள இருக்காங்க. தையல் வேல. ஒரு வருஷத்துக்கே எடுத்துக்கறேங்கறாங்க. வெளிச்சமா ஒரு அறை இருந்தாப் போதுமாம்."

"ஆள் எப்படி?"

"அமைதியான பொம்பள. எதுத்துப் பேச மாட்டாங்க."

"நீயும் கொஞ்சம் அவங்க கிட்டக் கத்துக்க. புருஷன் இருக்கானா?"

"இருக்காரு. ஏதோ இருக்காரு."

"என்ன பண்றான்?"

"ஒண்ணும் இல்லீங்க. இந்தம்மா தைக்கிறாங்க, அவரு சாயங்காலமானா எங்கயோ போய் நின்னுட்டு வர்றாரு."

"குடியா?"

"குடிச்சாக்கூடப் பரவாயில்ல. சும்மா நிக்கறாரு."

"தரித்திரம் பிடிச்சவன்" என்றார் டார்ச்சுக்காரர் மனதார. "அப்படிப்பட்டவன் கால் இந்த அறைக்குள்ள படக்கூடாது. பொண்டாட்டி சம்பாத்தியத்துல மெத்தையில படுத்துப் பழகிட்டா எழுப்பவே முடியாது. எழுது. புருஷன் உள்ள வரக்கூடாது."

"நான் எழுதினா எப்படிங்க? உங்க கையெழுத்துல இருக்கட்டும்."

அவரே எழுதினார். எழுதி அடியில் கோடு வேறு போட்டார்.

"காலைல டீ குடுக்கணுமாம்."

"குடுக்கலாம். நீதானே போடப் போற."

"வீட்டுக்காரர் கையால வந்தா மரியாதையா இருக்குமாம்."

"வருஷத்துக்கு எடுக்கறாங்க. அதுகூடப் பண்ணலேன்னா எப்படி?" எழுதினார். "மெத்தை விரிப்பு நான்தான் மாத்துவேன்னும் போட்டுக்கறேன். பேரு என்ன?"

"பேர அவங்க வந்து எழுதிக்குவாங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க. இந்தாங்க, முன்பணம்."

பிரித்துப் பார்த்தார். நோட்டில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. தையல்காரி கொடுத்த காசு அப்படித்தான் மணக்கும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மழையையும் பார்க்காமல் போய்த் தியேட்டர் பூட்டின் முன்னே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். முதலாளி மட்டும் தன்னிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டிருந்தால் இந்தப் பூட்டு தொங்கியிருக்காது என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பெரிய அறைக்குள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. ஆள் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தலையை வாரிக்கொண்டு வந்து பார்த்தார். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. மழைநாள் வெளிச்சம்தான், இருந்தாலும் அறை நிறைய இருந்தது. ஜன்னலை ஒட்டி மெஷின். மெஷினுக்குப் பின்னாலே அவர் பெண்டாட்டி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு. ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

"இங்க என்னம்மா பண்ற? அவங்க வர்ற நேரம்."

"வந்துட்டாங்க."

"எங்க?"

அவள் காகிதத்தை நீட்டினாள். பேர் எழுத விட்டிருந்த இடத்தில் அவள் பேர் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. நல்ல கையெழுத்து. டார்ச்சுக்காரர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இது செல்லாது. பொண்டாட்டி புருஷனுக்கு வாடகை குடுக்கறதாவது."

"நானும் அதத்தான் கேட்டேன். ஆளு யாரா இருந்தா எங்களுக்கென்னம்மா, வாடகை வருதா, மாசம் தாண்டுதான்னு ஆபீசுல சிரிச்சாங்க. காலைல ஒரு நகலும் குடுத்துட்டேன். நாலடி வெளிய நில்லுங்க."

"ஏன்?"

"தரித்திரம் பிடிச்சவன் கால் உள்ள படக்கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. கோடு போட்டிருக்கு."

அவர் கீழே பார்த்தார். அவர் கால் நிலைப்படிக்கு உள்ளே அரை விரல் இருந்தது. இழுத்துக்கொண்டார்.

"உன்னக் காலி பண்ணச் சொன்னா?"

"சொல்லுங்க. மொத நாள்லேருந்து எல்லா வரியும் கட்டணும். நீங்கதான் சபதம் எடுத்திருக்கீங்களே."

டார்ச்சுக்காரர் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். மனதுக்கு ஆறுதலாக டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கனமாகத்தான் இருந்தது. முன்பணத்தையும் அதிலேயே சுருட்டி வைத்துவிடலாம் என்று அடிமூடியைத் திருகினார். உள்ளேயிருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பேட்டரி வந்து விழுந்தது. எல்லாம் புதுசு.

ஓடி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"இதுல இருந்தது எங்க?"

"போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. பேட்டரி போடலாம்னு தொறந்தேன், எடமே இல்ல. அதான் நேத்து ஆபீசுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போனேன். பழைய வரி எல்லாம் கட்டியாச்சு. பதிவும் பண்ணியாச்சு."

"பக்கத்து வீட்டுக்காரர் பேருலயா?"

"உங்க பேருலதான். உங்க பேர் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க."

அந்தக் கொஞ்சம் அன்பில் அவர் குரல் இறங்கியது. "அப்ப இனிமே பிரச்சன இல்ல?"

"தாமதத்துக்கு அபராதம் மட்டும் பாக்கி. உங்க சட்டைப் பையில இருக்கே முன்பணம், அது சரியா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள கட்டணுமாம்."

அவர் போய்க் கட்டினார். அந்தப் படி ஏறும்போது நிஜமாகவே மூச்சு வாங்கியது. திரும்பி வரும் வழியில் தியேட்டர் பூட்டு இருந்தது. நிற்கவில்லை. நிற்கிறவனைப் பற்றி எழுதிக்கொடுத்த பிறகு நிற்கக் கூச்சமாக இருந்தது.

சாயங்கால ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் பெஞ்சிக்கு நேர் மேலே ஒழுகியது. மாடிப்படிக்கு அடியில் போனார். அங்கேயும் சுவர் ஊறி முதுகில் ஒட்டியது. இத்தனை நாளும் இங்கேதான் உட்கார்ந்து தைத்தாளா என்று அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. வந்தது நிற்கவில்லை, குளிர் அதிகமாக இருந்தது.

விழுந்து கிடந்த பேட்டரிகளைத் திரும்ப உள்ளே போட்டு டார்ச்சை ஏற்றினார். பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்திலே மெல்ல நடந்து, பெரிய அறைக் கதவை இரண்டு விரலால் தட்டினார். உள்ளே மெஷின் நின்றது.

"யாரு?"

"நான்தாம்மா. இங்க எல்லாப் பக்கமும் ஒழுகுது. ஓரமா உக்காந்துக்கறேன். ஒரே ஒரு ஆளுதான்."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவருக்கு நம்பிக்கை வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அவள் அவர் கையிலிருந்த டார்ச்சை நிதானமாக வாங்கி, அவர் மூஞ்சியிலேயே அடித்துப் பார்த்தாள்.

"ஹவுஸ்புல்" என்றாள்.