மோட்சத்தில் ஓர் இடம் காலி

மோட்சம் என்பது எது, எங்கே இருக்கிறது என்று உலகத்து வேத அறிஞர்களெல்லாம் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்க, பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடியில் அந்தக் கேள்வி ஒரே காலையில் தீர்ந்துபோனது. உடனிருந்தோர்: மந்தைவெளிப் பெரியவர் இன்னாசிமுத்து, அவருடைய தம்பி மகள் மணிமொழி, மணிமொழியின் தாய்மாமன் டில்லிபாபு, பங்குத் தந்தை, மற்றும், ஃப்ரீசர் பாக்ஸில், கருத்துச் சொல்லும் நிலையில் இல்லாத மணிமொழியின் தாயார் தேவானை.

இன்னாசிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தார். குடும்ப கௌரவம் அதற்குமேல் சாய விடாது. தம்பி சூசை மீன்காரி தேவானையைக் கட்டியபோது குடும்பம் அவனைத் தலைமுழுகியது உண்மைதான். ஆனால் அவன் செத்த அன்றே பெருந்தன்மையோடு மன்னித்துக் குடும்பக் கல்லறையில் சேர்த்துக்கொண்டது. அதே கல்லறையில் இப்போது ஓர் இடம்தான் மிச்சம். அது இன்னாசிமுத்து தமக்காக வைத்திருந்தது.

"அம்மாவ அப்பாகூட வைக்கணும் பெரியப்பா. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்றாள் மணிமொழி.

"அது வெறும் குழி இல்லம்மா. கடைசி நாள்ல எக்காளம் ஊதினா நாங்க குடும்பமா எழுந்திருக்கணும். நடுவுல மீன் கூடையோட ஒருத்தி எழுந்து நின்னா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

உயிர்த்தெழுதலைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யாரும் யோசித்ததில்லை. பங்குத் தந்தை திருத்தப் பார்த்தார்.

"ஐயா, மோட்சம்னா மேலே இருக்கிற ஏதோ வீடு இல்லீங்க. கடவுளோட சேர்ந்து இருக்கிறதுதான் மோட்சம்."

"அப்போ எங்கப்பா எங்கே இருக்கார் ஃபாதர்? கல்லறையில 'விண்ணில்'னு தேதியோட செதுக்கி வச்சிருக்கே! பளிங்குக் கல்லு பொய் சொல்லுமா?" என்றார் இன்னாசிமுத்து.

"சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளனுக்கே ஆண்டவர் 'இன்றே நீ என்னோடு'ன்னு மோட்சத்துல இடம் கொடுத்தாரே."

"கொடுக்கட்டும். அந்தக் கள்ளன் எங்க குடும்பக் கல்லறையில இடம் கேக்கலையே!"

டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பெரியவரே, மோட்சத்து சாவி யாராண்ட கீது? ஏசுவோட சீடரு இராயப்பராண்ட. அவுரு இன்னா தொழிலு? எங்களாட்டம் வலை போட்டவருதான? நாளைக்கு நீ போய் கதவத் தட்டும்போது உள்ள மீன் நாத்தம் அடிக்குதேன்னு திரும்பி வந்துருவியா?"

"இராயப்பர் ஆண்டவர் கூப்பிட்டதும் தொழிலை விட்டுட்டார். உங்க அக்கா விடலையே" என்றார் இன்னாசிமுத்து. வேதபாட வகுப்பில் பரிசு வாங்கியவர் அல்லவா?

"விட்டிருந்தா என்னை யாரு படிக்க வெச்சிருப்பாங்க, நீங்களா?" மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்தாள். "சரி, அத்த உடுங்க. அங்க அம்மாதான் வந்து கதவத் தொறந்து, 'வாங்க மாமா, சாப்டீங்களா'ன்னு கேட்டா இன்னா செய்வீங்க?"

இன்னாசிமுத்து எழுந்தார். முதுகெலும்பு விறைத்தது. ஃபாதரைப் பார்த்துத்தான் சொன்னார்: "அவ அங்க இருக்கான்னா, எனக்கு அந்த மோட்சமே வேண்டாம்."

கையெழுத்துப் போடாமலே படியிறங்கினார். தேவானையைக் கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம், பொது இடத்தில் அடக்கம் செய்தார்கள். குடும்பக் கல்லறையில் அந்த ஓர் இடம் மாசுபடாமல் காப்பாற்றப்பட்டது.

இன்னாசிமுத்துவுக்கு மோட்சத்தில் இடமில்லை என்று பங்குத் தந்தை சொல்லிவிட்டதாக மந்தைவெளியில் ஒரு வதந்தி உலவுகிறது. சுத்தப் பொய். பங்குத் தந்தை அப்படி எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் இன்னாசிமுத்துதான். உடனிருந்தோர் அனைவரும் சாட்சி, தேவானை உட்பட.