ரிட்டன் அம்மாயி

நல்லூரில் செத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. செத்த பிறகு எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்தவர் எங்கள் அம்மாயி ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை. அம்மாவைப் பெற்ற அந்த மகராசி அடுப்படியிலேயே சரிந்து விழுந்தார். கம்பவுண்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்றார். வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். கைக்குக் கிடைத்த பனியன் துணியைக் கிழித்துத் தாடையைக் கட்டினோம். ஒப்பாரி நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. தாடைக் கட்டை அவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்தது.

"நல்ல எக்ஸ்போர்ட் துணியக் கிழிச்சிருக்கறீங்களே! கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் துணி கெடைக்கலீங்களா?"

அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் காங்கயம் ரோடு வரைக்கும் ஓடினார்கள். கம்பவுண்டர் வெகுநாள் எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஏற்றுமதிக்குப் போய்த் திரும்பி வரும் சரக்கைப் பனியன் கம்பெனிகளில் 'ரிட்டன்' என்பார்கள். அன்றிலிருந்து அவர் ரிட்டன் அம்மாயி ஆனார்.

பயம் தெளிந்ததும் ஆட்கள் விசாரிக்க வந்தார்கள்.

"எங்கப்பன அங்க பாத்தீங்ளா?"

"பாத்தேனுங்க. முட்டிவலி சுத்தமாப் போயிருச்சாமா. கத்தறது மட்டும் கொறையல."

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி போவார். ஆனால் அம்மாயியின் காலடியிலேயே கிடந்த எங்கள் நாய், அவர் திரும்பி வந்த பிறகு கிட்டே வருவதில்லை. எட்ட உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேட்காமல் இருந்தது சரசு சின்னம்மா ஒருத்திதான். அம்மாவின் தங்கை. அந்த வருடம்தான் சித்தப்பா லாரியில் அடிபட்டுப் போயிருந்தார். கடைசிக் காலையில் தோசை கருகிவிட்டதென்று இருவருக்கும் சண்டை. தட்டைத் தள்ளிவிட்டு, தறி பார்க்கச் சோமனூர் போனவர் உயிரோடு வரவில்லை. சின்னம்மா அதற்குப் பின் அடுப்புப் பக்கமே போகவில்லை. நாங்கள் ஊட்டினால் இரண்டு வாய் தின்பாள்.

ஒரு நடுப்பகலில் கரண்ட் போனது. பக்கத்து நிட்டிங் யூனிட்டில் மிஷின்கள் ஒரே அடியாக நின்றன. இரவு பகலாகக் கேட்ட சத்தம் நின்றதும் காதுக்குள் ரொய்யென்றது. அந்த அமைதியில் சின்னம்மா கேட்டாள்.

"அம்மா, அவரப் பாத்தியா?"

யார் கேட்டாலும் படபடவென்று பதில் சொல்லும் அம்மாயி இந்த முறை காலியாகக் கிடந்த வாசற்படியைப் பார்த்தார். நாயும் அங்கேதான் பார்த்தது. பிறகு, அவருடையது மாதிரியே இல்லாத ஒரு குரலில் சொன்னார்:

"பசியோட போகல சரசு. பரோட்டா தின்னேன். ரப்பர் மாதிரி இருந்துச்சு. உன்ர கருகின தோசையே தேவல."

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டாள்.

அடுத்த வாரம், அன்று சித்தப்பாவோடு போயிருந்த டிரைவர் துக்கம் விசாரிக்க முதல்முறையாக வந்தார். யாரும் கேட்காமலே, "கடைசியா ரெண்டு பேரும் பரோட்டாதானுங்க தின்னோம். பிச்சுப் பிச்சுப் பாத்துட்டு அக்காவோட தோசையத்தான் சொல்லிட்டே இருந்தாருங்க" என்றார். சின்னம்மா எழுந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் அந்த டிரைவருக்குத் தோசை சுட்டுக்கொண்டு வந்தாள். கருகாமல்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு லீவில் அம்மாயி எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நெசமாவே அங்க எல்லாத்தையும் பாத்தீங்ளா அம்மாயி?"

"எங்க கண்ணு! தூங்கி எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். கேக்கறவங்களப் பாத்தாப் பாவமா இருக்குது. வாய்க்கு வந்தத சொல்லி அனுப்பறேன்."

"அப்ப அந்தப் பரோட்டா?"

விரல்கள் நின்றன.

"அது நாஞ் சொன்னதில்ல சாமி. என்ர வாயில வந்துச்சு. ஆரு சொன்னதுன்னு எனக்கே தெரியல."

தள்ளி உட்காரலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் விரல்கள் மறுபடியும் மெல்ல அசையத் தொடங்கின. நான் தலையை இன்னும் கொஞ்சம் அவர் மடிப்பக்கம் சாய்த்துக்கொண்டேன்.