மிளகாய்த்தூள் போட்ட ஐஸ் பழம்

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கப்போவதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் சரி. இது என் சபதம்.

அன்றைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் கரப்பந்துப் போட்டி. மேல் டிவிசன் அணியில் பதினெட்டு வருடமாக ஆடுகிறவன் நான். பதினெட்டு வருடமாக நாங்கள் ஜெயித்ததில்லை. இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வியாழக்கிழமை நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு ஐஸ்காரனின் ஆட்டோ வந்து போனது. அதோடு வினையும் வந்தது. மகன் ரிஷியின் நாக்கு பச்சை. மகள் நிரோஜாவின் நாக்கு ஊதா.

"என்னங்க, இதுக நாக்கப் பாருங்க. பெயின்ட் குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி கலாராணி.

"வாய் கொப்பளிச்சா போயிரும்."

"ஞாயித்துக்கெழம நான் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போறேன். புள்ளக்காம்பராவும் பூட்டு. நீங்க வீட்டுல இருந்து, பழத்துல ஐஸ் பழம் செஞ்சு குடுங்க."

புள்ளக்காம்பரா என்பது மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போகும் இடம். ஞாயிறென்றால் அந்த ஆயாவுக்கு லீவு. எனக்குக் கிடையாது.

"எனக்கு மாட்ச் இருக்கே, கலா!"

"இருக்கட்டுமே. அது ஓடியா போயிரும்?"

பேசி ஜெயிக்க முடியாத இடத்தில் கெடுத்து ஜெயிக்க வேண்டும். ஒத்திகை பார்க்கிறேன் என்று சொல்லி, வாயில் வைக்க முடியாத ஐஸ் பழம் ஒன்றைச் செய்வது. 'சீ, தள்ளுங்க, நானே செய்யுறேன்' என்று அவள் கரண்டியைப் பிடுங்குவாள். அவள் வீட்டில், நான் மைதானத்தில். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அன்று மாலையே அன்னாசி ஒன்றை நசுக்கினேன். சீனி போடவில்லை. உப்பு போட்டேன். போதாதென்று மிளகாய்த்தூளும் போட்டேன். காலி யோகட் கோப்பைகளில் ஊற்றி, கரண்டியைக் குத்தி, பிரிஜ்ஜில் வைத்தேன்.

மறுநாள் மாலை ரிஷி ஒரு நக்கு நக்கினான். கண் விரிந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அம்மா! அச்சாறு ஐஸ்!"

பதுளை பஸ் ஸ்டாண்டில் அன்னாசித் துண்டுக்கு இதே உப்பையும் மிளகாய்த்தூளையும் தூவித்தான் கொடுக்கிறார்கள். நாற்பத்தொரு வருடம் அதை வாங்கித் தின்றவன் நான். கெடுக்கிற அவசரத்தில் அது ஞாபகம் வரவில்லை. நிரோஜா கோப்பையையே நக்கிக்கொண்டிருந்தாள்.

கலாவும் ஒரு வாய் வைத்தாள்.

"ஏங்க, ஒங்க கையில இப்படி ஒரு பக்குவமா! எனக்கெல்லாம் இப்படி வராதுங்க."

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் பாராட்டு. மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. "இது என்ன பிரமாதம், இன்னும் கொஞ்சம் செஞ்சு வைக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்னபடி இரண்டு பழம் வாங்கிச் செய்தும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்துக் காம்பரா வடிவம்மா இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றாள்.

"அண்ணே, கலா நேத்து பெரட்டுல சொல்லிச்சு. ஐஸ் பழம் செஞ்சு குடுத்து எல்லாப் புள்ளைகளையும் பார்த்துக்கிறீங்களாமே! மகராசனா இருப்பீங்க."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். தோட்டமே நிற்கும். அங்கே சொன்னது சட்டம் மாதிரி.

"கலா! இது என்ன?"

"ஒங்க பக்குவத்த மறைச்சு வைக்கலாமாங்க?" என்று கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எட்டு மணிக்குள் பதின்மூன்று பிள்ளைகள். ஒன்று என் கழுத்தில், ஒன்று கட்டிலுக்கு அடியில், மூன்று பிரிஜ்ஜுக்குள். எல்லாருக்கும் மூக்கு ஒழுகியது. காரம் ஏறியதும் எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் குடித்ததும் எல்லாரும் வேறொன்றுக்கு வெளியே போகவேண்டும் என்றார்கள். இரண்டு மணிக்கு மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. நான் யாருக்கோ காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அழுகையே வந்தது.

ஐந்து மணிக்குக் கலா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவு நேரமா கொழுந்தெடுத்த?"

"பகலுக்கே கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டோம்ங்க. அப்புறம் பொம்பளைங்க எல்லாரும் மாட்ச் பார்க்கப் போனோம்."

"மாட்சுக்கா! நம்ம டிவிசன் என்னாச்சு?"

"ஜெயிச்சிட்டோம்ங்க!"

"நான் இல்லாமலா?"

அவள் கூடையிலிருந்து நல்ல பழுத்த அன்னாசி ஆறை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"யாரு குடுத்தது?"

"ஒங்க கேப்டன் தங்கராஜா அண்ணன்தான். அடுத்த வருச மாட்சுக்கும் நீங்கதான் ஐஸ் பழம் செய்யணுமாம்."