பின்பாதி மட்டும் என்னிடம்

சிவமயம்

குளத்தடி,
கண்டி.
24.1.1992

அன்பும் பொறுமையும் மிகுந்த அன்னலட்சுமிக்கு,

நான் இங்கே நலம். என்னுடைய இருமல் என்னைவிட நலம். நீரும் மகள் வாசுகியும் புதுப் பேரனும் அந்தக் கனடாப் பனியில் ஒரு தடிமன்கூட இல்லாமல் இருக்கக் கதிர்காமக் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கமலவேணி என்ற ஒருத்தியைப் பற்றி உமக்கு யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அவள் யாரென்று எனக்கே தெரியாது.

அடுத்தது நீர் கேட்ட சங்கதி. வாசுகி உம்மை அங்கேயே நிரந்தரமாக நிற்கச் சொல்கிறாள், குடிவரவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவா வேண்டாமா, உங்களுக்குப் பத்திரம் வர மூன்று வருடம் செல்லுமாம், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தீர். இதில் யோசிக்க என்ன கிடக்கிறது? பிள்ளை கைக்குழந்தையோடு தனியே மாரடிக்கிறாள். தாராளமாகப் போடும். முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து கோச்சி விட்டவனுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாதா? அவித்தேன். வெடித்தது. அதை விடும்.

வினையெல்லாம் அந்தப் புத்தகத்தால்தான் வந்தது. மார்கழி பிறந்து குளத்துக் காற்று ஈரமாக ஏறத் தொடங்கினால் நாங்கள் ஐந்து மணிக்கே யன்னலைச் சாத்திப்போட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கின தடித்த நாவல் ஒன்றைச் சவரப் பிளேட்டால் நடுவில் வெட்டி, முன்பாதி உமக்கு, பின்பாதி எனக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒரே கம்பளிக்குள் நாலு காலையும் விட்டுக்கொண்டு இருப்போமே, அப்படி இந்த முறை வெட்டினதில் முன்பாதி உம்முடைய கைப்பையோடு விமானம் ஏறிவிட்டது. என் சுபாவம் உமக்குத் தெரியும், முடிவு தெரியாமல் எனக்கு நித்திரை வராது. இடையில் விளங்காவிட்டால் "இவன் ஆரப்பா?" என்று கேட்பேன். நீர் உம்முடைய பாதியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லுவீர். இப்போது கேட்க ஆளில்லை. கேட்டுப் பார்த்தேன், சுவரில் பல்லிதான் சொன்னது.

குளக்கரை வாங்குப் பலகையில் இருந்து வாசிப்போமென்று குடையும் கொண்டு போனேன். மரத்திலிருந்த நீர்க்காகம் குடை சரியும்வரை காத்திருந்து, நல்ல பக்கமாகப் பார்த்து எச்சம் போட்டது. பக்கத்தைக் கழுவி, உம்முடைய ஊதாக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு (என்னுடையது காயவில்லை, கண்டியில் இந்த மாதம் எது காய்ந்தது?) யன்னலடிக் கதிரையில் இருந்தேன். எடுத்த எடுப்பிலேயே கமலவேணி வீட்டை விட்டுப் போகிறாள். எல்லாரும் அழுகிறார்கள். யாருக்குத் தாய், யாருக்குத் தாரம், ஒன்றும் விளங்கவில்லை. "கழுத்தைத் தடவிக்கொடுத்தான்" என்று ஓரிடத்தில் வந்ததால் பசுமாடோ என்றும் ஐயப்பட்டேன். ஆனால் அவள் படலையைத் தாண்டினதும் அந்த வீட்டுக்காரன் குசினிக்குள் போய் அடுப்படியில் சும்மா நின்றான் என்று ஒரு வரி. அதோடு எனக்கு முடியவில்லை, அன்னம். குலுங்கிக் குலுங்கி அழுதேன். இருமலும் கூடச் சேர்ந்துகொண்டது.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு நஸீம் ஓடி வந்தார். பக்கத்துக்கு அடையாளமாக நான் வைத்திருந்தது உம்முடைய கடிதம். அழுகிற மனுசன் கையில் வெளிநாட்டுக் கடிதம்; அவருக்கு வேறு என்ன வேண்டும்? கேட்டதற்கு மறுமொழி சொல்ல இருமல் விடவில்லை. தோளைத் தடவிப்போட்டு இறங்கிப் போனவர், என்னோடு முன்பு ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த மூக்கையாவுக்குக் கம்பளைக்குப் போன் பண்ணிவிட்டார். நஸீமின் மனைவி ஸுலைஹா, இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சோறும் கறியும் கொடுத்தனுப்பினார். நல்ல பசி, முட்டையும் வெடித்த நாள். சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டபிறகு யாரும் சாகவில்லை என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

விடிய முதல் பஸ்ஸில் மூக்கையா வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் கேற்றில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"யாருங்க ஐயா தவறுனது?"

"ஒருத்தரும் சாகேல்லை. கமலவேணி வீட்டைவிட்டுப் போட்டாள்."

"அவங்க உங்களுக்கு என்ன மொறைங்க?"

"அதுதானே எனக்கும் தெரியேல்லை, மூக்கையா."

அவர் துணியை மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "மொறை தெரியாமலே இப்படி அழுவுறீங்களே, அம்மா ஊருல இல்லாத நேரத்துல" என்றார்.

புத்தகத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முன்பாதி எங்கே என்று கேட்டார். கனடாவில் என்றேன். நம்பாத சிரிப்பொன்று சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது நஸீமைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். இரண்டு நாளாக ஸுலைஹா என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறார். சோறும் நின்றுவிட்டது.

ஆகையால், கமலவேணி யாரென்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் நஸீமுக்குக் காட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வேன். மற்றப்படி ஒரு குறையுமில்லை. உம்முடைய கதிரையில் உடுப்புக் காயப்போடுகிறேன். வசதியாக இருக்கிறது.

பேரனுக்கு என் ஆசி. தாத்தாவின் மூக்கு மட்டும் அவனுக்கு வராதிருக்கட்டும். வாசுகிக்கும் மருமகனுக்கும் அன்பு. சப்பாத்தில்லாமல் பனியில் இறங்க வேண்டாம்.

இப்படிக்கு,
யாதொரு குறையுமில்லாத,
க. வீரசிங்கம்

பி.கு.: மேலே எழுதினது முழுக்க வீறாப்பு. கையெழுத்துப் போடாதையும். பேரனுக்குக் கழுத்து நின்றதும் வெளிக்கிட்டு வாரும். என்னால ஏலாது, அன்னம். கமலவேணி ஆரெண்டு எழுத வேண்டாம். வந்து சொல்லும்.