அரைமில்லி புரட்டிய பக்கம்

ஒரு கறுப்புப் புள்ளியை அரை மில்லிமீற்றர் தள்ளி வைப்பதற்காக மத்தியானச் சோற்றை மறந்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. ஆரையம்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு வருவார். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் அரைமில்லி.

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்காக மேற்கத்திய இசைச் சுரங்களைக் கணினியில் கோத்து, அச்சுக்குத் தயாரான பக்கங்களாக அனுப்புவது எங்கள் வேலை. நான் விசைப்பலகையில் பறப்பேன். அவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஊர்வார். ஒவ்வொரு பக்கத்தையும் அச்சடித்து, கதிரையில் சாய்த்து வைத்து, இல்லாத வயலினைத் தாடையில் இடுக்கி வாசிப்பார். பக்கம் முடியுமிடத்தில் கைக்கு ஓய்வு கிடைக்கிறதா என்று பார்ப்பாராம். முதல் நாள் அதைக் கண்ட தேத்தண்ணிக்கார அக்கா தட்டோடு திரும்பி ஓடிவிட்டார்.

"மனிசருக்கு ரெண்டு கைதான் புள்ள. பக்கம் புரட்ட மூண்டாவது கைக்கு எங்க போறது?" என்பார் அரைமில்லி.

நான் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு ஒரு திங்கட்கிழமை நின்றது. இருவரில் ஒருவர் போதுமென்று பதிப்பகம் சொல்லிவிட்டது. இருவருக்கும் ஒரே பாட்டு. வயலின் ரீச்சர் ஒருவர் இரண்டு பிரதியையும் பார்த்து வாசிப்பார். எதில் தடுமாறி நிற்கிறாரோ அதைக் கோத்தவருக்கு வேலை போகும். எதிலும் நிற்காவிட்டால் வேகமாக முடித்தவருக்கு வேலை. எங்கள் வீட்டில் சம்பளம் எடுப்பவள் நான் ஒருத்திதான்.

நான் ஒரு மணித்தியாலத்தில் முடித்தேன். அவருக்கு மூன்று பிடித்தது.

இணைப்பு மோசமாக இருந்ததால் பதிப்பகத்துக்காரர் ஒலியை மட்டுமே கேட்டார். முதலாளி போனை நீட்டிப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி, ஜன்னலோரம் வாவியைப் பார்த்து நின்றார். அரைமில்லியின் பிரதி தண்ணீராய் ஓடியது. அடுத்தது என்னுடையது. ரீச்சர் வில்லைத் தூக்கியபோதுதான் கவனித்தேன்: முதல் பக்கத்தின் கடைசி வரியில் மூச்சுவிட இடமில்லாத வேக ஓட்டம். மென்பொருள் பக்கத்தை வெட்டிய இடத்தில் அப்படியே விட்டிருந்தேன். புரட்டக் கையை எடுத்தால் பாட்டு நிற்கும், என் சம்பளமும் நிற்கும்.

ரீச்சர் கடைசி வரிக்கு வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பூனை நடையில் அரைமில்லி போனார். சரியான சுரத்தில் தாளைப் புரட்டினார். பாட்டு நிற்கவில்லை.

"ரெண்டும் பிழையில்லையாம். வேகமான ஆளை வச்சிக்கச் சொல்றாங்க," என்றார் முதலாளி.

அரைமில்லி தன் சோற்றுப்பெட்டியை எடுத்துப் பையில் வைத்தார்.

"ஏன் அப்பிடிச் செஞ்சீங்க?" என்றேன்.

"உங்களுக்காக இல்ல புள்ள. பாட்டு நடுவில நிண்டா எனக்குச் சோறு இறங்காது."

உண்மையைச் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். பிறகு முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப வேலை?"

"அவருக்குத்தான்," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேலை போனதற்காக என்றுதான் முதலாளி நினைத்திருப்பார். நாளையிலிருந்து அந்த மனிதரின் பக்கத்து மேசையில் நான் இருக்கமாட்டேனே என்றுதான் அழுதேன்.