சூரியன் உடைந்தால் நேராகப் போக வேண்டும்

தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. எதெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிட்டால், அது எதுவும் கெட்டுப்போகாது என்று நம்புவோம். தமிழ்நாட்டை ஒட்டி, ஆந்திரப் பக்கம் இருக்கிற ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் அந்த வேலைதான் பார்க்கிறேன். கடைக்குப் போவதற்குக்கூடப் பட்டியல் போடுவேன். (முதல் வரி: பை. இரண்டாவது வரி: இந்தப் பட்டியல்.) அப்படிப்பட்ட என் பொறுப்பில் இருந்த சூரியன், ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோர் கண்ணெதிரே உடைந்து சிதறியது.

என் அக்கா தேவகி, சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு ஆசிரியை. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து அவளிடம் ஒன்பது பிள்ளைகள். முதல் வகுப்பில் ஒருவரும் இல்லை. அந்த ஆண்டு யாரும் சேராவிட்டால் தமிழ்ப் பிரிவை எடுத்துவிட்டு, இருக்கிற பிள்ளைகளைப் பக்கத்து ஊர்த் தெலுங்குப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் வேன் ஏறி டவுன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வேன் சுப்பிரமணி அண்ணனுடையது. அவருடைய இரட்டைப் பையன்களும் அதில்தான் போனார்கள்.

"அந்தாளு அவரு பசங்கள இங்க சேத்தா, மத்தவங்க தானா வருவாங்க," என்றாள் அக்கா. "சனிக்கெழம எல்லாரையும் வரச் சொல்லிக் கீறேன். பசங்கள வெச்சி எதனா பண்ணிக் காட்டு. நீதான் இஞ்சினீரு ஆச்சே."

சூரியக் குடும்பம் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அட்டையில் அல்ல, பிள்ளைகளை வைத்தே. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வட்டம், எட்டுக் கோளுக்கு எட்டுப் பிள்ளைகள். ஒன்பதாவது ஆள் சந்திரன். ("ஒம்போதுல ராகு கேது எங்க டீச்சர்? காளாஸ்திரில நான் பாத்தேனே," என்று வியாழன் கேட்டான். அது வேறு கணக்கு என்று நழுவிவிட்டேன்.)

சந்திரன், அக்கா மகள் நித்யா. வகுப்பிலேயே சின்னவள். வீட்டில் வாயாடி, பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். "நீ கெரகமே இல்லடி, சும்மா கூட வர்றவ," என்று பூமியாக இருந்த மோனிஷா சொல்லிவிட்டதில் அவளுக்கு முகம் சுருங்கிப்போயிருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மத்தவங்க எல்லாம் ஒரே எடத்துல நிக்கிற சூரியனச் சுத்தறாங்க. நீ நடந்துக்கினே இருக்கற ஆளச் சுத்தணும். இருக்கறதுலயே கஷ்டமான வேல உன்னுதுதான்." அன்று மாலை வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து, குழம்பைக் கொட்ட வைத்தாள்.

ஒத்திகையில் அவள் கேட்ட ஒரே கேள்வி இதுதான். "சூரியன ஆராவது எட்த்துக்கினு பூட்டா?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு முழுப் பதில் சொல்வது என் பலவீனம். சூரியன் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நீங்கள் வளைந்து போகிறீர்கள், இழுக்க ஆள் இல்லையென்றால் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நேராகப் போய்விடுவீர்கள் என்று விளக்கினேன். "நானு?" என்றாள். "உன்ன பூமி புடிச்சிக்கினு கீது. அது எங்க போனாலும் நீ அதயே சுத்திக்கினு போவ." பிள்ளைகளுக்கு வட்டத்தைவிட இந்தப் பாடம்தான் மிகவும் பிடித்தது. சூரியன் காணாமல் போனதாகச் சொல்லி நாள் முழுவதும் நேராக ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். அக்கா என்னை முறைத்தாள்.

மிச்சம் சூரியன் மட்டும்தான். பலூன் வேண்டாம் என்று முதலிலேயே அடித்துவிட்டேன். பலூன் வெடிக்கும். (என் பட்டியலில் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு.) மின்விளக்கு வேண்டாம், கரண்ட் போகும். உருண்டையாக, கனமாக, காற்றில் நகராமல் இருக்க வேண்டும். சந்தையில் பெரிய வெள்ளைப் பூசணிக்காய் ஒன்று வாங்கினேன்.

"புது வண்டியாம்மா, புது வூடா?" என்றார் கடைக்காரர்.

"ஸ்கூலுக்குண்ணா."

"நல்லதும்மா. அங்கதான் அல்லாரு கண்ணும் படும்."

நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். படித்த பெண்ணுக்கு அந்த இடத்திலாவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வீட்டுக்கு வந்து சூரியன் மஞ்சளாக இருக்க வேண்டுமே என்று காய் முழுக்க மஞ்சள் பூசினேன். சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு என்பதால், துல்லியம் கருதி, இங்கும் அங்கும் குங்குமம் வைத்தேன். சூரியன் தானாக ஒளிவிடுவது, சந்திரன் அப்படியல்ல என்று காட்ட வேண்டுமே, அதற்காக உச்சியில் கற்பூரம். வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எவ்வளவு அறிவியல்பூர்வமாக இருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுப்பிரமணி அண்ணன் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு, வேன் சாவியை விரலில் சுழற்றியபடி இருந்தார். பக்கத்தில் இரட்டையர்கள். மைதானத்தின் நடுவே ஸ்டூலில் சூரியன். கற்பூரம் ஏற்றினேன். பிள்ளைகள் சுற்ற ஆரம்பித்தார்கள். புதன் ஓடினான். இடுப்பில் சைக்கிள் டயர் மாட்டிய சனி நிதானமாக நடந்தான். பூமி நடக்க, அதைச் சுற்றி நித்யா, ஒரு தடவைகூடத் தடுமாறாமல். நான் அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் பட்டியல்படி நடந்தது.

சுப்பிரமணி அண்ணன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை இப்போது யோசித்தால் அவர்மேல் தப்பே இல்லை. பூசணிக்காய். மஞ்சள், குங்குமம், எரிகிற கற்பூரம். பிள்ளைகள் சுற்றி முடித்தாயிற்று. அமாவாசைக்கு அமாவாசை தன் வேனுக்குத் திருஷ்டி கழிக்கிறவர் அவர். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். எல்லாரும் பெண்கள். உடைக்க ஓர் ஆம்பளை இல்லாமல்தான் இந்த டீச்சரம்மா மைக்கில் எதையோ பேசி நேரத்தைக் கடத்துகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

எழுந்தார். செருப்பைக் கழற்றினார். பயபக்தியோடு நடந்துவந்து சூரியனை இரண்டு கையாலும் தூக்கினார். நான் அவரைக் கைதட்டல் வாங்க வந்த தன்னார்வலர் என்று நினைத்து, "இப்போது அண்ணன் சூரியனை நமக்கு அருகில் காட்டுவார்" என்று மைக்கில் அறிவித்தேன். அவர் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்து மூன்று தரம் சுற்றி, வாசல் பக்கம் போய், ஓங்கிப் போட்டார்.

"திஷ்டி பூட்ச்சி மேடம்," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அக்கா நெற்றியில் கை வைத்தாள். பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். அப்போது, பள்ளியில் வாயே திறக்காத நித்யா, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சூரியன் இல்ல. நேரா போங்க."

போனார்கள். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடப் பிசகாமல், அவரவர் முகம் இருந்த திசையில் போனார்கள். புதன் அம்மாக்கள் பெஞ்சுக்குள் புகுந்தான். வியாழன் சத்துணவுக் கூடத்துக்குள் போய் சாம்பார் அண்டா முன்னால் நின்றான். சனியின் டயர் வேலியில் மாட்டிக்கொண்டது. நெப்டியூன் வேர்க்கடலைத் தோட்டத்தில் இறங்கி, முழங்கால் மறைய, போய்க்கொண்டே இருந்தான். பூமியின் முகம் அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் இருந்தது.

வாசலுக்கு வெளியே ரோடு. நான் மைக்கை வீசிவிட்டு ஓடினேன். செருப்பு பூசணிக்காயில் வழுக்கி, சூரியனின் உள்பகுதியில் உட்கார்ந்து, எழுந்து மறுபடி ஓடினேன். நல்லவேளை, வாசலையொட்டியே சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. மோனிஷா அதன் படியில் முட்டி நின்றுவிட்டாள். நித்யா மட்டும் நிற்கவில்லை. படிக்கும் கதவுக்கும் நடுவே இடுக்கில் புகுந்து புகுந்து அவளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எக்குதாவா லேதா?" என்று, ஏறுகிறாயா இல்லையா எனத் தெலுங்கில் கேட்டார் கண்டக்டர். பிறகு தமிழுக்கு மாறி, "ஏ பாப்பா, அவள இன்னாத்துக்கு சுத்திக்கினு கீற?"

"நான் சந்திரன். அவ நின்னாலும் நான் சுத்தணும்."

"சரி. சந்திரனுக்கு ஆஃப் டிக்கெட்டு," என்று அவர் விசிலடித்துவிட்டார். நான் இரண்டு பேரையும் கையில் பிடித்து இழுத்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

சுப்பிரமணி அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முதுகெல்லாம் பூசணி விதையோடு நின்ற என்னிடம் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. நித்யாவிடம் கேட்டார். "ஏன்டா கண்ணு அல்லாரும் ஓட்ட புட்ச்சிங்க? நான் பயமுறுத்திட்டனா?"

"நீ சூரியன ஒட்ச்சிட்ட மாமா. இனிமே இழுக்க ஆள் இல்ல. அதான் அவுங்கல்லாம் நேரா பூட்டாங்க. என்ன மட்டும் பூமி புட்ச்சிக்கினு கீது. அதனால நான் போவல."

அவர் தரையில் கிடந்த பூசணித் துண்டுகளைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் தன்னிடம் சொன்னதில் எங்கேயும் ஓட்டை இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க பசங்க ஏபிசிடி ஒப்பிக்குதுங்க, டீச்சர்," என்றார் அக்காவிடம். "ஏன்னு கேட்டா முழிக்குதுங்க. வண்டில ரெண்டு சீட்டு காலியானா ஆவட்டும். பேரு எழுதிக்கோ." இரட்டையர்கள் அதற்குள் ஒருவனைச் சுற்றி ஒருவன் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த ஆண்டு முதல் வகுப்பு நிரம்பியது. தமிழ்ப் பிரிவு இன்னும் இருக்கிறது. அக்காவும் அங்கேயே இருக்கிறாள். என் பட்டியலில் "சூரியன் உடைதல்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு எதிரே, தடுக்கும் வழி என்ற கட்டத்தை இன்றுவரை காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் புது ஸ்கூட்டர் வாங்கினேன். பூசை போட சுப்பிரமணி அண்ணனைத்தான் கூப்பிட்டோம். அவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நித்யா பக்கம் திரும்பி, "இது காயா, சூரியனா? கேட்டுக்கினே ஒடைக்கிறேம்மா," என்றார்.

"சூரியன்தான். ஒடை மாமா."

உடைத்தார். அவ்வளவுதான், எங்கள் நைனா முதல் அடுத்த வீட்டுக்காரர் வரை, சொல்லிவைத்தது போல் அவரவர் முகம் இருந்த பக்கம் நேராக நடந்து தெருவில் போய்விட்டார்கள். சாவியும் கையுமாக நான் மட்டும் நடுத்தெருவில் நின்றேன்.

நித்யா போகவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.